எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள்

போன வாரம் கோர்ட்டுப் பக்கம் வந்திருந்தேன். வேலையாக வரவில்லை. கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியாயிற்று. பென்ஷன் இல்லாத தொழிலில் ரிட்டயர்மெண்ட் என்றால் அவ்வளவுதான். பார் ரூமில் உங்களில் ஒருவருக்கு எதிரே ஒரு கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். போனை நீட்டி, "நெட்ல இப்டி போட்டுக்கீது சார், நெஜமா?" என்று கேட்டார். நம் வக்கீல் தம்பி வாங்கிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர்களிடமும் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள். கடைசியில் அந்த மனிதரும் வேறு வழியில்லாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் எனக்குக் காபி இறங்கவில்லை.

திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. அதே சிரிப்பை, அதே வராந்தாவில், நான் சிரித்திருக்கிறேன். அதில் ஒரு குடும்பத்துக்குக் குடியிருந்த இடம் போயிற்று. கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் தன் கவுனைத் திருப்பிக் காட்டி ஒரு கதை சொன்னார். முதுகுப் பக்கம் ஒரு துணிப்பட்டை தொங்குகிறதல்லவா, அது ஒரு காலத்தில் பையாக இருந்ததாம். வக்கீல் முன்னால் நடப்பார்; கட்சிக்காரர் பின்னால் வந்து தன்னால் முடிந்ததை அதில் போடுவார். எவ்வளவு விழுந்தது என்று வக்கீல் திரும்பிப் பார்க்க மாட்டார். கதை நிஜமோ பொய்யோ, எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்பா கோயில் ஆபீஸில் வேலை பார்த்தவர். பணத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசுவது மரியாதைக் குறைச்சல் என்று வளர்ந்த வீடு எங்களுடையது. அந்தக் குணத்தோடு நான் வக்கீலாகவும் ஆனேன்.

உத்திரமேரூரில் அப்போது எல்லா ஆபீஸிலும் இதுதான் வழக்கம். பீஸ் பேசுவது குமாஸ்தாவின் வேலை. வக்கீல் வாயைத் திறக்க மாட்டார். என் குமாஸ்தா நாதமுனி நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் முழுசாகச் சொல்ல மாட்டார். ஸ்டாம்புக்கு, டைப்புக்கு, பஸ்ஸுக்கு என்று அவ்வப்போது கொஞ்சம் வாங்கிக்கொள்வார். "மெயின் பீஸு கடைசியில அம்மா சொல்லுவாங்க" என்பார். அந்த அம்மா நான்தான்; எதையும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் முதன்முதலாக ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்த காலம். பெருநகரிலிருந்து கன்னியம்மா என்று ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். இருளர் குடும்பம். ஊருக்கு வெளியே, வயலை ஒட்டி, நாலைந்து குடிசைகளாக இருந்தார்கள். அவள் மாமனார் காலத்திலிருந்து அங்கேதான். இப்போது பக்கத்து நிலத்துக்காரர் அந்த இடமும் தன் நிலத்தோடு சேர்ந்தது, காலி செய்யுங்கள் என்று ஆள் அனுப்புகிறார். பெண் வக்கீல் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, தைரியமாக வந்திருந்தாள். கூட அவள் மகள் மல்லிகா. அந்தக் குடிசைகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை போன முதல் ஆள்.

கன்னியம்மா உட்காரக்கூட இல்லை. முதலில் கேட்டது இதைத்தான்.

"கேஸு போட்டா எவ்ளோ ஆவும் வக்கீலம்மா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ மொதல்ல விஷயத்தச் சொல்லு."

அவளிடம் ஒரு பைசா வாங்குவதில்லை என்று அப்போதே மனதில் முடிவு செய்துவிட்டேன். ஏன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை என்றால், பெருமையடித்துக்கொள்வது போலாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கேஸ் ஜெயித்த அன்று, அவள் புடவைத் தலைப்பில் முடிந்த பணத்தை அவிழ்த்துக்கொண்டு வந்து நிற்கும்போது, "உனக்கு பீஸே கிடையாது, போ" என்று சொல்ல வேண்டும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காட்சியை நான் பலமுறை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

அவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதும் எனக்குத் தெரியும். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் சர்க்காரே வக்கீல் வைத்துத் தரும், கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. அந்த போர்டு நம் கோர்ட்டு வாசலிலேயே தொங்கியது. ஒரு சட்ட உதவி முகாமில் மைக்கைப் பிடித்து இதையே முழங்கி, பொன்னாடையும் வாங்கிக்கொண்டவள் நான். என் ஆபீஸில் எதிரே நின்றவளிடம் மட்டும் சொல்லவில்லை.

வழக்கைப் போட்டேன். நிலத்துக்காரர் அவர்களைக் காலி செய்யக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கினேன். நல்ல கேஸ். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பள்ளிக்கூடச் சான்று எல்லாவற்றிலும் அந்த விலாசம்தான். கன்னியம்மா கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னால் போதும், பாதி முடிந்த மாதிரி.

சாட்சி விசாரணைக்கு முந்தின வாய்தா. அன்று எனக்கு வேறொரு பாகப்பிரிவினைக் கேஸில் இறுதி வாதம். எதிர்த்தரப்புக்குச் செங்கல்பட்டிலிருந்து பெரிய வக்கீலை வரவழைத்திருந்தார்கள். நீதிபதி உட்காரப் போகிறார், என் கையில் கேஸ் கட்டுகள் சரிகின்றன. அந்த நேரம் பார்த்து மல்லிகா வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு கம்ப்யூட்டர் பிரிண்ட்.

"மேடம், ஒரு நிமிஷம். இத கொஞ்சம் பாக்கறீங்களா?"

வாங்கிப் பார்த்தேன். இங்கிலாந்து வெப்சைட் ஒன்றிலிருந்து எடுத்தது. கேஸில் தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அந்தச் செலவைக் கணக்குப் போடவும், அது அதிகம் என்று சண்டை போடவும் அங்கே தனியாக வக்கீல்கள் உண்டாம். 'காஸ்ட்ஸ் லாயர்' என்று பெயர். மணிக்கு இத்தனை பவுண்டு என்று ஒரு பட்டியல். வரிகளுக்கு மேலே பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம் எழுதியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதற்றத்தில் இருப்பவர்களுக்குச் சட்டென்று வருமே, அந்தச் சிரிப்பு. பக்கத்தில் செங்கல்பட்டுப் பெரியவர் நின்றிருந்தார். அவர் முன்னால் நான் பதற்றமே இல்லாதவளாகத் தெரிய வேண்டும். தாளை அவரிடம் காட்டினேன்.

"பாத்தீங்களா சார், எங்க பெருநகர் பொண்ணு லண்டன் கோர்ட்டுக்கே போயிட்டு வந்திருக்கு!"

அவர் சிரித்தார். அவருடைய ஜூனியர்கள் சிரித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்கள்கூட என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். மல்லிகா சிரிக்கவில்லை.

"இதெல்லாம் சீமை விவகாரம்மா. உனக்கு எதுக்கு இது? நான் பாத்துக்கறேன். அடுத்த வாய்தாவுக்கு அம்மாவ மறக்காம கூட்டிக்கினு வா."

தாளை என் கட்டுக்குள் செருகிக்கொண்டு கோர்ட்டுக்குள் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவள், "அப்ப இங்க எவ்ளோ மேடம்?" என்று கேட்டாள். காதில் விழவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தது.

அடுத்த வாய்தாவில் டவாலி, "கன்னியம்மா, கன்னியம்மா, கன்னியம்மா" என்று கூப்பிட்டார். ஆள் இல்லை. மதியத்துக்கு மேல் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். மறுபடி மூன்று முறை கூப்பிட்டார். வரவில்லை. வாதி ஆஜராகவில்லை என்று வழக்கு தள்ளுபடியாயிற்று. தடையும் அதோடு போயிற்று.

"பஸ்ஸு கெடைச்சிருக்காதும்மா" என்றார் நாதமுனி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இலவசமாகச் செய்தால் இப்படித்தான், இந்த ஜனங்களுக்கு அருமை தெரியாது என்றுகூட வாயில் வந்தது. இலவசம் என்று அந்த ஜனங்களுக்கே தெரியாது என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் கட்டை அவிழ்த்தபோது அந்தத் தாள் கீழே விழுந்தது. அப்போதுதான் முழுசாகப் படித்தேன். ஒரு வார்த்தை விடாமல் அகராதி பார்த்திருக்கிறாள். விளையாட்டுக்குச் செய்கிற வேலை இல்லை அது. மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். பிளைவுட் தடுப்புக்குள் இரண்டு மூன்று கம்ப்யூட்டர். நடத்துகிற இளைஞருக்குப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணா மேடம்? ரெண்டு மூணு வாட்டி வந்துச்சி. கேஸு தோத்துட்டா எதிர் பார்ட்டி வக்கீலுக்கும் நாமதான் துட்டு குடுக்கணுமான்னு தேடிப் பாக்கச் சொல்லிச்சி. நெலத்துக்காரர் ஆளு அப்டிச் சொல்லி மெரட்டிக்கினு கீறானாம். நெஜமா பொய்யான்னு தெரியணும்னுச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் இன்னா சொல்றது? தேடினா அப்டித்தான் வந்துச்சி. நெஜம்தான் போல கீது, எதுக்கும் ஒங்க வக்கீலாண்ட கேட்டுக்கோன்னேன்."

அவரை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். எனக்கு டைப் அடிக்கத் தெரியும், அவ்வளவுதான் கம்ப்யூட்டர் ஞானம். கேஸ் செலவு, வக்கீல் பீஸ் என்று ஆங்கிலத்தில் என்னென்னவோ அடித்தேன். பக்கம் ஒவ்வொன்றும் பாதி வந்து நின்று, யோசித்து, மீதி வந்தது. எல்லாம் இங்கிலாந்து, அமெரிக்கா. இந்தியா என்று சேர்த்து அடித்தால் சட்டப் பிரிவு மட்டும் வந்தது. வக்கீலுக்கே இரண்டு முறை படித்தால்தான் புரியும். தமிழில் ஒன்றுமே இல்லை. இங்கே தோற்றால் எதிர்த்தரப்பு தன் வக்கீலுக்குக் கொடுத்த முழுப் பணத்தையும் தர வேண்டியதில்லை, சட்டப்படி ஒரு சிறு தொகைதான், பல கேஸில் அவரவர் செலவு அவரவருக்கு என்றே நீதிபதி எழுதிவிடுவார், கன்னியம்மா மாதிரி ஆட்களுக்கு வக்கீலே இலவசம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால்தான் உண்டு. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

அங்கிருந்தே நாதமுனியைக் கூட்டிக்கொண்டு பெருநகருக்கு பஸ் ஏறினேன். குடிசைகள் இருந்த இடத்தில் கல்கால் நட்டு முள்கம்பி இழுத்திருந்தார்கள். அடுப்புக் கரி படிந்த மண் மட்டும் அங்கங்கே கறுப்பாகத் தெரிந்தது. பக்கத்து வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் கேட்டேன்.

"யாரும் தொரத்தலம்மா. அவங்களே பிரிச்சிக்கினு பூட்டாங்க. எடத்த உட்டுட்டா வக்கீல் செலவக் கேக்க மாட்டேன்னு நெலத்துக்காரர் சொன்னாராம். இப்ப தென்னேரி பக்கம் ரைஸ் மில்லுல அட்வான்ஸு வாங்கிக்கினு வேலைக்கிப் போய்க்கிறாங்க."

"அட்வான்ஸா? எதுக்கு?"

"வக்கீலம்மாவுக்குத் தரணும்னு சொல்லிச்சி கன்னியம்மா."

நாதமுனி என்னைப் பார்க்கவில்லை. அவர் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மில் அட்வான்ஸ் என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கையில் ஒரு தொகை கொடுப்பார்கள். குடும்பமே மில்லில் தங்கி நெல் அவிக்க வேண்டும், காயவைக்க வேண்டும். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று கேட்டால் முதலாளி, "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அது முடியவே முடியாது. கன்னியம்மாவின் புருஷன் சின்ன வயதில் அப்படி ஒரு மில்லில் வருடக்கணக்கில் கிடந்து வெளியே வந்தவர் என்று பிற்பாடு தெரிந்தது.

அங்கிருந்து நேராகத் தென்னேரிக்குப் போனோம். மில் களத்தில் கன்னியம்மா வெறுங்காலோடு நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவிந்த நெல், மேலே வெயில். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று. நான் வசூலுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"இதோ எட்த்தாறேன் வக்கீலம்மா" என்று உள்ளே ஓடினாள். ஒரு துணி முடிச்சோடு வந்தாள். "கோச்சிக்காதீங்க. கொண்டாந்து குடுத்துட்லாம்னுதான் இருந்தோம், மில்லுக்காரரு வெளிய உடல. மீதி எவ்ளோன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"கன்னியம்மா, உனக்கு பீஸே கிடையாது."

ஜெயித்த நாளுக்காக நான் பத்திரமாக வைத்திருந்த வாக்கியம். அந்தக் களத்தில் நின்று சொன்னேன். பார்க்க ஆசைப்பட்ட முகத்தையும் பார்த்தேன். அவள் நம்பவில்லை. முடிச்சை நீட்டியபடியே நின்றாள். நெல் சாக்குக்குப் பின்னாலிருந்து மல்லிகா எழுந்து வந்தாள்.

"அப்ப அன்னிக்கே ஏன் மேடம் சொல்லல?"



"நீங்களும் பாத்துக்கலாம்னீங்க. இந்த மொதலாளியும் அதத்தான் சொன்னாரு" என்றாள் கன்னியம்மா. குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை அது. இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதானே இருக்கும் என்கிற குரல்.

எனக்கு நின்ற இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அதை மறைக்க நேராக முதலாளியின் அறைக்குப் போய்க் கத்தினேன். கொத்தடிமைச் சட்டம், ஆர்.டி.ஓ., போலீஸ் என்று வாயில் வந்ததையெல்லாம் அடுக்கினேன். அவர் கொடுத்த அட்வான்ஸ் முடிச்சோடு அப்படியே இருந்தது. அதை மேஜைமேல் வைத்தேன். முனகிக்கொண்டே அவர்களை விட்டுவிட்டார். நாதமுனி பிறகு ஊரெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. கத்துவது நம் தொழில், எனக்கு அது எப்போதும் சுலபம். ஒரு ஏழைப் பெண் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் நேராகப் பதில் சொல்வதுதான் வரவில்லை.

இடம் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தள்ளுபடியான வழக்கை மனுப் போட்டுத் திரும்ப எடுத்தேன். ஆனால் வெளியேற்றக் கூடாது என்று கேட்கிற வழக்கு அது. அவர்களாகவே பிரித்துக்கொண்டு போன பிறகு அதில் உயிர் இல்லை. புதிதாக வழக்குப் போட்டு நடத்துகிற தெம்பு அவர்களுக்கும் இல்லை. மாகறலில் ஆற்றோரமாக உறவுக்காரர்களோடு ஒண்டிக்கொண்டார்கள். பெருநகரில் அந்த இடம் இன்றும் முள்கம்பிக்குள்தான் இருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் நான் மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு என் ஆபீஸில் கட்சிக்காரர் உட்கார்ந்ததும் முதலில் பேசுவது பணம்தான் என்று ஆயிற்று. என் பீஸ் எவ்வளவு, ஸ்டாம்பு எவ்வளவு, தோற்றால் என்ன கொடுக்க வேண்டிவரும், இலவசமாக யார் கிடைப்பார்கள், எல்லாம். சக வக்கீல்கள் என்னைக் கறார்க்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது உங்கள் கட்சிக்காரர்கள் போனில் எதையாவது பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் பாதி தப்பாகத்தான் இருக்கும். உங்களிடம் கேட்கப் பயந்துகொண்டு அங்கே தேடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, போனை வாங்கிப் படித்துப் பதில் சொல்லுங்கள். சிரிப்பதானால் அவர்கள் போன பிறகு சிரியுங்கள்.

மில் வாசலில் நடந்ததை இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சட்டி பானைகளோடு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வழக்கைத் திரும்ப எடுக்கலாம் என்று கன்னியம்மாவிடம் சொன்னேன்.

"அதுக்கு எவ்ளோ ஆவும்?"

நம்ப மாட்டீர்கள், அப்போதுகூட 'அத அப்புறம்' என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. பழக்கம். விழுங்கிக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது. எப்பவும் ஆகாது" என்றேன்.

"எழுதிக் குடுங்க மேடம்" என்றாள் மல்லிகா.

கையில் வேறு தாள் இல்லை. அந்த இங்கிலாந்து பிரிண்டின் பின்பக்கத்தில், நாதமுனியின் முதுகில் வைத்து எழுதினேன். இந்த வழக்குக்கு இவர்கள் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை, யாருக்கும் தர வேண்டியதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மல்லிகா வாங்கி, அம்மாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டினாள். கன்னியம்மா கவனமாகக் கேட்டாள். தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இத எய்தனதுக்கு எவ்ளோ ஆவும் வக்கீலம்மா?"